வடைக்கு மாவு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது, வெறுப்புப் பேச்சில் இல்லை என்று வாதிட்ட எதிரணி நண்பர், "வாயால் வடைதான் சுடலாம், ஊரைச் சுட முடியுமா?" என்று கேட்டு உங்கள் கைதட்டலோடு போய் அமர்ந்திருக்கிறார். நானும் கைதட்டினேன். ஆனால், வடைக்கு மாவு வேண்டுமல்லவா? நான் அந்த மாவின் கதையோடு வந்திருக்கிறேன்.

2018 பெப்ரவரி 26 இரவு, இலங்கையின் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், வாடிக்கையாளர் ஒருவரின் கறியில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கறியில் கட்டி கிடந்தால் நாம் சமையற்காரரைத் திட்டுவோம். மிஞ்சினால் காசு கொடுக்க மறுப்போம். அன்று அப்படி முடியவில்லை. சிங்களவரை மலடாக்க முஸ்லிம்கள் உணவில் மருந்து கலக்கிறார்கள் என்ற பேச்சு முன்பே பரப்பப்பட்டிருந்ததால், கட்டியைக் கண்டவர்களுக்கு அது மாத்திரையாகவே தெரிந்தது. கூட்டம் சூழ்ந்துகொண்டு, "மருந்து போட்டாயா?" என்று சிங்களத்தில் அதட்டியது. காசாளருக்கோ சிங்களம் அரைகுறை. கேள்வி விளங்காமல், பயத்தில், "ஆம்" என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டார். நடுவர் அவர்களே, நன்றாக விளங்கும் மொழியில் வீட்டில் கேட்கப்படும் கேள்விகளுக்கே நான் பாதி நேரம் அப்படித்தான் தலையாட்டுகிறேன்! நல்லவேளை, அதை யாரும் படம்பிடிப்பதில்லை. அவரைப் படம்பிடித்து, வாக்குமூலம் என்று முகநூலில் பரப்பினார்கள். கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் பின்னர் சோதித்துப் பார்த்தபோது, அது வெறும் மாவு.

மாவு என்று தெரிவதற்குள் வடை வெந்துவிட்டது, நண்பரே. கண்டி மாவட்டத்தில் ஒரு தெருத் தகராறில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி உயிரிழந்தபோது, அந்தத் துயரத்தின்மீது இதே வெறுப்பைக் கொட்டினார்கள்; அங்குள்ள திகன என்ற ஊர் எரிந்தது. 2011இல் நீக்கப்பட்ட அவசரகால நிலை மார்ச் 6 அன்று மீண்டும் பிரகடனமானது. இராணுவம் தெருவுக்கு வந்தது. முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. எந்த அயல்நாட்டுப் படை வந்தது, எந்த எல்லையைத் தாண்டியது என்று நண்பர் சொல்லட்டும்.

திகனயில், தீ வைக்கப்பட்ட வீட்டுக்குள் அகப்பட்டு ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்தார். சாரதியின் வீட்டிலும் அழுகை, இவர் வீட்டிலும் அழுகை; அழுகைக்குச் சிங்களம், தமிழ் என்று மொழி கிடையாது. வாதத்தை இத்தோடு விட்டுவிடுகிறேன், நடுவர் அவர்களே. அந்த இரண்டு வாசல்களிலும் போய் நின்று, வாயால் வடைதான் சுடலாம் என்று நண்பர் ஒருமுறை சொல்லிவிட்டு வரட்டும். அதற்குப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.