நடுவில் இருக்கும் இருவர்

அவையோருக்கு வணக்கம்.

பல தந்திகள் ஒரே மனதாகப் பேசுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடிக்க, தம்பி சாம்பசிவ ஐயர் கிடத்தி வாசிக்க, காரைக்குடி சகோதரர்கள் ஊர்ப் பெயரையே ஒரு பாணிக்குத் தந்துவிட்டுப் போனார்கள். மேற்கத்திய குவார்ட்டெட்டில் அதுபோல நான்கு பேர்: வயலின் இருவர், வியோலா ஒருவர், தரையில் ஊன்றி உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வாத்தியமான செல்லோ ஒருவர். குழு அமைக்க ஆசைப்படும் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள், நடுவில் இருக்கும் இரண்டாம் வயலினையும் வியோலாவையும் முக்கியமாக வைத்து உங்களுக்காகவே சொல்கிறேன்.

நன்றாக வாசிப்பவரை முதல் வயலினில் உட்கார வைத்து, மிச்சம் இருப்பவரை இரண்டாவதில் போடுவார்கள். அங்கேதான் குழு கெடுகிறது. ஒரே மெட்டை இருவரும் எட்டு ஸ்வரம் தள்ளி வாசிக்கும்போது, மேலே இருப்பவரின் சுருதி கீழே இருப்பவரின் மேல்தான் நிற்கிறது. இரண்டாமவர் கொஞ்சம் அழுத்தமாக வாசித்தால் முதல்வர் தானாகச் சுத்தமாகக் கேட்பார். அவர் பயந்து மெலிந்தால், முதல்வர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அபஸ்வரம் தட்டும்.

அடுத்து வியோலா. வயலினைவிட ஐந்து ஸ்வரம் கீழே இறங்கும் வாத்தியம் இது. அந்த இறக்கத்துக்கு வேண்டிய அளவுக்கு உடல் பெரிதாக இருந்தால் தோளில் வைக்கவே முடியாது. பெட்டியைச் சிறியதாக்கியதன் விலை, கீழ்த் தந்தி பேசத் தாமதமாகும். வில் பட்ட பிறகுதான் ஒலி எழும்பும் என்பதால் வியோலாக்காரர் ஓர் இமைப்பொழுது முன்பே இழுக்கத் தொடங்க வேண்டும். வியோலா கிடைக்கவில்லை என்று வயலினிலேயே வியோலாத் தந்தி பூட்டுவது வேண்டாம். ‘சி’ எனப்படும் கீழ்த் தந்தி தொளதொளவென்று முனகும்.

சுருதி சேர்ப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் வயலினில் ச-ப-ச-ப. இவர்களுக்கோ தந்திக்குத் தந்தி பஞ்சமம், அதாவது ஐந்து ஸ்வர இடைவெளி. செல்லோவின் ‘சி’யை ஷட்ஜமமாகக் கொண்டு ஏறினால் ச, ப, ரி, த, அதற்கு மேல் வயலினின் ‘ஈ’ தந்தியில் க வரும். ஒவ்வொரு பஞ்சமமும் அப்பழுக்கில்லாமல் சேர்ந்திருந்தால், கடைசியில் வரும் அந்தக் க, அதாவது அந்தர காந்தாரம், ஏறக்குறைய 22 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், ஏறி நிற்கும். தம்புராவில் தானாக எழும் காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய காது இதை உடனே பிடித்துவிடும்.

எல்லோரும் முதலில் ‘ஏ’ தந்தியைச் சேருங்கள். பிறகு வியோலாவும் செல்லோவும் தங்கள் பஞ்சமங்களை ஒரு இழை குறுக்கி, ‘சி’யைச் சற்றே ஏற்றட்டும். செல்லோ ‘சி’யைப் பிடித்திருக்க, முதல் வயலின் ‘ஈ’யை இழுத்துச் சரி பாருங்கள். முழுதும் சரியாகாது. அந்த இடம் வரும்போது வெறும் ‘ஈ’ தந்தியைத் தொடாமல், ‘ஏ’ தந்தியில் நான்காம் விரல் வைத்து வாசித்தால் மீதியை விரல் பார்த்துக்கொள்ளும். ஒத்திகையில் அசைவே கொடுக்காமல் ஒவ்வொரு கூட்டு ஸ்வரத்தையும் நீட்டிப் பாருங்கள். ஆளுக்கொரு வேகத்தில் விரலை ஆட்டினால் எது தவறு என்றே தெரியாது.

கோடை வெயிலில் பிருடை, அதாவது தந்தியை முறுக்கும் மர முளை, சுருங்கி வழுக்கும், ஐப்பசி மழையில் உப்பி இறுகும். வழுக்கினால் சாக்குக்கட்டி தேயுங்கள், இறுகினால் உலர்ந்த சோப்பு. வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்த மறக்காதீர்கள்.

நம் வீடுகளில் வாசிப்பதாக இருந்தால் இடம் பார்த்து உட்கார வேண்டும். வளவின், அதாவது செட்டிநாட்டு வீட்டின், நடு முற்றத்தில் ஒலி வானத்துக்குப் போய்விடும். தூண் வரிசைக்குள், சுவருக்கு முதுகு காட்டி உட்காருங்கள். இது வியோலாவுக்குத்தான் மிக அவசியம். சபைக்கு இடமிருந்து வலமாக உட்காரும்போது இடப்பக்கம் இருக்கும் வயலின்களின் மேற்பலகை சபையைப் பார்க்கும். வியோலா வலது ஓரத்தில் இருந்தால் அதன் மேற்பலகை பின்பக்கம் பார்க்கும், சுவர்தான் அந்த ஒலியைத் திருப்பித் தரும். ஓரத்தைச் செல்லோவுக்குக் கொடுத்து வியோலாவை உள்ளே இழுத்துக்கொள்வது இன்னும் நல்லது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரும் பளபளக்கும் தரையும் ஒலியை நீட்டும். வேக இடங்களில் வில்லைக் குறுக்கி இழுங்கள்.

செல்லோவின் அடியில் ஒரு கூர்முனைக் கம்பி உண்டு. நம் வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் அது நிற்காது, பாட்டின் நடுவே முன்னால் ஓடும், கல்லிலும் கீறல் விழும். வார்ப்பட்டை ஒன்றை நாற்காலிக் காலில் மாட்டி, மறுமுனையில் உள்ள குழியில் கம்பியை ஊன்றுங்கள். அடியில் ஜமுக்காளம் விரித்து, நாற்காலியின் நான்கு கால்களும் அதன் மேலேயே இருக்கும்படி போடுங்கள்.