ஒரே லேப்டாப், இரண்டு மதிப்பெண்: கோளாறு எங்கே?

[காட்சி: மேசையில் ஒரு லேப்டாப். திரையில், பிராசசரின் வேகத்தைச் சோதித்து மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் மென்பொருள் ஓடுகிறது.]

வணக்கம். குளச்சலிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கொண்டுவந்த லேப்டாப் இது. காலையில் நல்ல மதிப்பெண், மதியம் அதில் பாதிதான். "பிராசசர் போய்விட்டதா அண்ணா?" என்று கவலையோடு கேட்டார். பிராசசர் அவ்வளவு எளிதில் போகாது. மதிப்பெண் எப்படி வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள்? சினிபெஞ்ச் ஆர்23-இல் இப்போதைய பிராசசர்களின் ஒற்றைக் கோர் (பிராசசரின் ஒரு பகுதியை மட்டும் சோதிக்கும்) மதிப்பெண் பொதுவாக ஆயிரத்தைத் தாண்டும். அதே பிராசசருக்கு 2024 பதிப்பில் நூறை ஒட்டித்தான் வரும். இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

[திரை: வேகமும் வெப்பமும் காட்டும் வரைபடம்]

இனி மதிப்பெண்ணை விட்டுவிட்டு இந்த வரைபடத்தைக் கவனியுங்கள். சோதனை தொடங்கியதும் வேகம் 4 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. சிறிது நேரத்தில் இறங்குகிறது. இறங்கும்போது வெப்பம் 75 டிகிரிதான் என்றால் அது கோளாறு இல்லை. டர்போ, அதாவது சிறிது நேரத்துக்கு மட்டும் கூடுதல் வேகத்தில் ஓடும் நேரம் முடிந்து, மின்சார வரம்புக்குள் பிராசசர் அடங்குகிறது. 100 டிகிரியை ஒட்டி நின்றுகொண்டு வேகம் சரிந்தால், சூடு வெளியேறவில்லை என்று பொருள். இந்த வேறுபாடு குறுகிய சோதனையில் தெரியாது. பத்து நிமிடம் ஓட விடுங்கள்.

[நெருக்கக் காட்சி: திறந்த அடிப்பகுதி, விசிறி]

இங்கே பாருங்கள். விசிறி இறக்கைகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. விசிறியைக் கழற்றினால், அதற்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போல அழுக்குப் படிந்திருக்கிறது. குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களின் உப்பு ஈரத்தில் தூசி ஒட்டி இறுகிவிடும். வெளியிலிருந்து காற்றடித்தால் மட்டும் இது வராது; கழற்றித்தான் எடுக்க வேண்டும். பிராசசரின் சூட்டைச் செம்புக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்டையும் மாற்றிவிட்டேன்.

சார்ஜரையும் பாருங்கள். கரண்ட் போய் பேட்டரியில் ஓடினாலும், குறைந்த வாட் சார்ஜரை மாட்டினாலும் பல லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்னணியில் விண்டோஸ் அப்டேட் ஓடுகிறதா என்பதை டாஸ்க் மேனேஜரில் பார்த்துவிடுங்கள்.

நிரல் எழுதிச் சோதிப்பவர்களுக்கு ஒன்று. ஆயிரம் கோடி முறை சுற்றும் லூப் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தால் மகிழாதீர்கள். விடையை நீங்கள் எங்கும் பயன்படுத்தாததால் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) அந்த லூப்பையே நீக்கியிருக்கலாம். விடையைத் திரையில் அச்சிட வைத்து மறுபடி ஓட்டுங்கள்.

[காட்சி: மீண்டும் வரைபடம்]

சுத்தம் செய்தபின் அதே பத்து நிமிடச் சோதனை. மதிய வெயில் நேரம்தான். வெப்பம் 86 டிகிரியில் நிற்கிறது, வேகம் சரியவில்லை.