டிரம்ஸை விட்டு எழுப்பப்பட்ட பெண்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்காவின் கார்ப்பெண்டர்ஸ் இசைக்குழுவின் பாடகி கேரன் கார்ப்பெண்டரின் வாழ்வைச் சாய்த்தது அவருடைய மன பலவீனமா, அவரைச் சுற்றியிருந்தவர்களா? இதுதான் இன்றைய கேள்வி. சுற்றியிருந்தவர்களே என்று வாதாட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், "யாரும் அவர் வாயைக் கட்டவில்லை, சாப்பிட மறுத்தது அவர்தான், அதே வீட்டில் வளர்ந்த அண்ணன் ரிச்சர்ட் பிழைத்துக்கொண்டாரே" என்று கேட்டார். அரங்கமும் கை தட்டியது. நடுவர் அவர்களே, அந்தக் கைதட்டல் எனக்கு வலித்தது. 32 வயதில் இதயம் நின்று இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றிய கேள்வி அது.

நான் டிரம்ஸிலிருந்து தொடங்குகிறேன். கேரனின் கதை பாட்டில் தொடங்கவே இல்லை. கலிபோர்னியாவின் டவுனி நகரில் பள்ளி மாணவியாக இருந்தபோது, உடற்பயிற்சி வகுப்பிலிருந்து தப்புவதற்காக அணிவகுப்பு வாத்தியக் குழுவில் சேர்ந்த பெண் அவர். கையில் கொடுத்த வாத்தியம் பிடிக்கவில்லை. பக்கத்தில் டிரம்ஸ் வாசித்த பையன்களைப் பார்த்தார். இதை என்னாலும் வாசிக்க முடியும் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார். 1966-ல், 16 வயதில், அண்ணனின் மூவர் குழுவில் டிரம்ஸ் வாசித்து ஹாலிவுட் பௌல் அரங்கில் நடந்த போட்டியில் வென்றார். மன பலவீனம் என்கிறீர்களே, பெண்கள் டிரம்ஸ் பக்கமே போகாத காலத்தில் அந்த நாற்காலியைப் பிடித்த பெண்ணுக்கா மன பலவீனம்?

1969-ல் ஏ அண்ட் எம் என்ற இசைத்தட்டு நிறுவனம் அண்ணன், தங்கை இருவரையும் ஒப்பந்தம் செய்தது. கேரனுக்கு வயது 19. மறு ஆண்டே 'க்ளோஸ் டு யூ' பாட்டு அமெரிக்கப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? கேரன் உயரம் குறைந்தவர். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடினால் பார்வையாளர்களுக்குத் தலைமயிர் மட்டுமே தெரிந்தது. "பாடகி முன்னால் வந்து நிற்கட்டும்" என்றார்கள். வேறொரு டிரம்ஸ் கலைஞரை அமர்த்தினார்கள். கேரனுக்கு அதில் விருப்பம் இல்லை. தன்னைப் பாடவும் தெரிந்த டிரம்ஸ் கலைஞராகவே அவர் கடைசிவரை நினைத்தார் என்று அண்ணனே சொல்லியிருக்கிறார். கால் மிதிக்க, கை அடிக்க, உடம்பு முழுவதும் வேலையாக இருந்த ஒருவரை எழுப்பி, நீண்ட கவுன் உடுத்தி, விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தினார்கள். அதுவரை அவருடைய உடம்பு ஒரு கருவி. அன்றிலிருந்து அது காட்சிப் பொருள். என் வாதம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது.

அந்தக் குரல் எப்படிப்பட்டது தெரியுமா? 1971-ல் 'சூப்பர்ஸ்டார்' பாட்டுக்கான ஒலிப்பதிவு. வாத்தியக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருக்கட்டும் என்று, ஒரு காகிதக் கைக்குட்டையில் எழுதிய வரிகளைப் பார்த்தபடி கேரன் ஒரு முறை பாடிக் காட்டினார். பிறகு நிதானமாகப் பாடிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அதற்குத் தேவையே வரவில்லை. அந்த முதல் முறைதான் இசைத்தட்டில் ஏறியது. பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. இன்றும் அதைக் கேட்டுப் பாருங்கள், கிணற்றின் அடியிலிருந்து நீர் சேந்துவதுபோல அந்தக் கீழ்ஸ்தாயி எழுந்து வரும்.

இந்தக் குரலை வைத்து என்ன செய்தார்கள்? 1974-ல் மட்டும் 200-க்கும் மேற்பட்ட மேடைகள். அந்தக் காலத்தில்தான் கேரன் மெலியத் தொடங்குகிறார். 1973-ல் மேடையில் எடுத்த தன் புகைப்படம் ஒன்றைப் பார்த்து மனம் உடைந்தார் என்கிறார்கள். புகைப்படத்தைக் கவனியுங்கள், நடுவர் அவர்களே. டிரம்ஸுக்குப் பின்னால் இருந்திருந்தால் அந்தப் புகைப்படமே இல்லை! 1975-ல் எடை சுமார் 41 கிலோ. மேடையில் அவரைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். பிரிட்டன், ஜப்பான் பயணங்களை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. அவரைப் பிடித்திருந்தது அனோரெக்சியா, சாப்பாட்டை மறுத்து உடம்பை உருக்கும் நோய். அந்தப் பெயரையே அன்று பொதுமக்களில் பெரும்பாலோர் கேட்டதில்லை. மறு ஆண்டே மீண்டும் மேடை.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அண்ணன் எப்படிப் பிழைத்தார்? ரிச்சர்ட் தூக்க மாத்திரைக்கு அடிமையானார். 1979-ல் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் சிகிச்சைக்குச் சேர்ந்தார். குழு வேலையை நிறுத்தியது, எல்லோரும் காத்திருந்தார்கள். நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை. தங்கையின் குரல் எந்த ஸ்தாயியில் மின்னும் என்று அறிந்து இசை அமைத்தவர் அவர். பின்னாளில் சிகிச்சை எடுத்துக்கொள் என்று தங்கையை வற்புறுத்தியவரும் அவரே. நான் கேட்பது ஒன்றுதான்: அவருக்குக் கிடைத்த நிறுத்தம் தங்கைக்கு ஏன் கிடைக்கவில்லை?

அந்த இடைவெளியில் கேரன் சும்மா இருக்கவில்லை. நியூயார்க் போய், தயாரிப்பாளர் ஃபில் ரமோனோடு தனி ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்தார். சொந்தப் பணத்தையும் அதில் கொட்டினார். வாழ்க்கையில் முதன்முறையாக, எந்தப் பாட்டு, எந்தக் குரல், எந்த உணர்ச்சி என்று தானே தேர்ந்தெடுத்தார். 1980-ல் நிறுவனத்தின் தலைவர்களும் அண்ணனும் உட்கார்ந்து கேட்டார்கள். பிடிக்கவில்லை. ஆல்பம் அலமாரிக்குப் போனது.

அதே ஆண்டு ஆகஸ்டில் திருமணம். திருமணத்துக்குச் சில நாள் முன்பு, இது வேண்டாம் என்று அவர் வீட்டில் சொன்னதாகவும், அழைப்பிதழ்கள் போய்விட்டன, நடந்தே ஆக வேண்டும் என்று பதில் வந்ததாகவும் அவருடைய நெருங்கிய தோழி பின்னாளில் சொன்னார். மறு ஆண்டே பிரிவு.

டிரம்ஸ் வேண்டும் என்றார், எழுந்திரு என்றார்கள். தனி ஆல்பம் வேண்டும் என்றார், வேண்டாம் என்றார்கள். கல்யாணம் வேண்டாம் என்றார், நடத்தினார்கள். 26 வயது வரை பெற்றோர் வீட்டிலேயே இருந்த, கோடிக்கணக்கில் சம்பாதித்த ஒரு பெண்ணுக்கு, "முடியாது" என்று சொன்னால் அது செல்லுபடியாகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு. அவர் அங்கே சொன்னார். நண்பரே, நீங்கள் பலவீனம் என்று பெயர் வைத்தது அந்தப் பெண்ணிடம் மிச்சமிருந்த கடைசிப் பிடிவாதத்துக்கு!

நோய்க்கு உயிரியல் காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு விதை எந்த மண்ணில் விழுந்தது என்பதும் கேள்விதானே? 1982-ல் நியூயார்க்கில் கேரன் சிகிச்சைக்குப் போனார். தாமாகவே போனார், இதையும் பலவீனத்தின் கணக்கில் எழுதுவீர்களா? அங்கே சிகிச்சையாளர் குடும்பத்தை வரவழைத்து, மகளிடம் உங்கள் அன்பை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டார். தாயாரால் அது முடியவில்லை என்று அந்தச் சிகிச்சையாளர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். கல்நெஞ்சம் என்று நான் சொல்ல மாட்டேன். அது அந்த வீட்டின் வழக்கம். மகளின் அடங்கிய குரலில் உலகமே அன்பைக் கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்த மகளுக்கு அந்த ஒரு சொல் கிடைக்கவில்லை.

அந்த டிசம்பர் 17 அன்று, தன் ஞானக் குழந்தைகள் படித்த பள்ளியில் கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடினார். அதுதான் மக்கள் முன் அவர் கடைசியாகப் பாடியது. 1983 பிப்ரவரி 4, டவுனியில், பெற்றோர் வீட்டில், காலையில் விழுந்தார். எழவில்லை.

அலமாரிக்குப் போன அந்த ஆல்பம் 1996-ல் வெளிவந்தது, அவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து. அதை யாருக்குக் காணிக்கையாக்க வேண்டும் என்று அவர் உயிரோடு இருந்தபோதே சொல்லி வைத்திருந்தார், நடுவர் அவர்களே. அந்த வரி உறையில் அப்படியே அச்சாகியிருக்கிறது: முழு மனதோடு, அண்ணன் ரிச்சர்டுக்கு.

நன்றி, வணக்கம்.