சக்கரம் இறங்காத விமானத்தைப் பாலாற்று மணலில் இறக்கலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "ஐயா, இஸ்தான்புல்லில் ஒரு சரக்கு விமானம் முன்சக்கரம் வெளியே வராமல், மூக்கைத் தரையில் தேய்த்தபடி தீப்பொறி பறக்க இறங்கிய வீடியோ பார்த்தேன். அவ்வளவு கெட்டியான ரன்வேயில் ஏன் இறக்க வேண்டும்? நம் பாலாறு மாதிரி காய்ந்து கிடக்கும் மணலில் இறக்கினால் மெத்தென்று நின்றுவிடாதா? இல்லை, நம்ம வேலூர் அப்துல்லாபுரம் ஏர்போர்ட்டிலாவது இறக்கலாமா?"

தம்பி சொல்வது 2024 மே 8 அன்று நடந்தது. பெடெக்ஸ் நிறுவனத்தின் போயிங் 767, பாரிஸிலிருந்து வந்தது. இறக்கைக்கு அடியில் உள்ள பெரிய சக்கரங்கள் இறங்கிவிட்டன, முன்சக்கரம் மட்டும் வரவில்லை. உள்ளே இருந்த இரண்டு விமானிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வீடியோவை இன்னொரு முறை போட்டு, பொறியை விட்டுவிட்டு மூக்கை மட்டும் பாருங்கள். பின்சக்கரங்கள் தரையைத் தொட்ட பிறகும் மூக்கைத் தூக்கியே பிடித்திருக்கிறார்கள். வேகம் குறையக் குறைய மெல்ல இறக்கி வைக்கிறார்கள். அதன் பிறகு விமானம் கோணாமல் நேராக வழுக்கிப் போய் நிற்கிறது. அந்த வழுக்கல்தான் அவர்களைக் காப்பாற்றியது. மணலில் அது கிடைக்காது.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ரோட்டோர மணலில் முன்சக்கரம் மாட்டினால் என்ன ஆகிறது? சக்கரம் அங்கேயே புதைந்துகொள்ளும், நாம் ஹேண்டில்பாரைத் தாண்டி விழுவோம். இந்த விமானமோ சரக்கோடு சேர்த்து நூறு டன்னைத் தாண்டும். தரையைத் தொடும்போது மணிக்கு 250 கிலோமீட்டர் வாக்கில் வேகம் இருக்கும். காருக்கு நாம் 32, 33 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம், இந்த டயர்களில் 200 பிஎஸ்ஐ வாக்கில் இருக்கும். அவ்வளவு அழுத்தமான டயர் மணலைத் தொட்ட மாத்திரத்தில் உள்ளே இறங்கிவிடும். சக்கரமே இல்லாமல் வயிற்றால் இறங்கினால் இன்னும் மோசம். இறக்கையின் கீழ் தொங்கும் இன்ஜின்தான் முதலில் தரையைத் தொடும். கான்கிரீட்டில் அது தேய்ந்துகொண்டே போகும், மணலில் தோண்டும். ஒரு பக்கம் முதலில் தோண்டினால் விமானம் அந்தப் பக்கமாகத் திரும்பும், இறக்கை முறியும். எரிபொருள் இருப்பதே இறக்கைக்குள்தான். அதனால் பொறியைப் பார்த்துப் பயப்படுவதைவிட இந்தத் திருப்பத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சில விமான நிலையங்களில் ரன்வே முடியும் இடத்தில், சக்கரம் ஏறினால் நொறுங்கும் ஒரு தளம் போட்டு வைத்திருப்பார்கள். அதுவும் விமானத்தைப் புதைத்து நிறுத்துவதற்குத்தான். ஆனால் பிரேக் பிடித்து வேகம் பெரிதும் குறைந்த விமானத்துக்காக, மணிக்கு 130 கிலோமீட்டர் வரைக்கும் தாங்குகிற மாதிரி, கணக்குப் போட்டுக் கட்டியது அது. பாலாற்றில் அப்படி ஒரு கணக்கும் கிடையாது. மணல் அள்ளிய பள்ளம் இருக்கிறது, ஊற்றுக் கிணறு இருக்கிறது, குறுக்கே பாலம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, தீயணைப்பு வண்டி எந்த வழியாக வந்து சேரும்? அதுவே மணலில் சிக்கி நிற்கும்.

சரி, சக்கரம் ஏன் இறங்காமல் போகிறது? நான் விமானப்படையில் லேண்டிங் கியர் பக்கமே வேலை பார்த்தவன், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மேலே மடங்கிய சக்கரத்தை ஒரு கொக்கி பிடித்திருக்கும். விமானி லீவரை இறக்கினால் ஹைட்ராலிக் அழுத்தம், அதாவது குழாயில் அடைத்த எண்ணெயின் அழுத்தம், கதவைத் திறந்து, கொக்கியை விடுவித்து, சக்கரத்தை இறக்கிப் பூட்டும். மூன்று பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் பூட்டியாயிற்று என்று அர்த்தம். ஹைட்ராலிக் போய்விட்டால் மாற்று வழி உண்டு. பெரிய விமானங்கள் பலவற்றில் ஒரு மின்மோட்டாரின் உதவியோடு கொக்கியை மட்டும் விடுவிப்பார்கள். சக்கரம் தன் எடையிலேயே விழுந்து பூட்டிக்கொள்ளும். ஹேங்கரில் விமானத்தை ஜாக் போட்டுத் தூக்கி வைத்து இந்த மாற்று வழியைச் சோதிப்போம். சக்கரம் தானாக விழுந்து, டக் என்று பூட்டும் சத்தம் வரும் வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பெரும்பாலும் இரண்டு வழியும் ஒரே நாளில் கெடுவதில்லை. மாற்று வழி எப்போதோ கெட்டிருக்கும், அது யாருக்கும் தெரிந்திருக்காது. 2023 அக்டோபர் 4 இரவு, அமெரிக்காவின் சட்டனூகாவில் பெடெக்ஸின் போயிங் 757 ஒன்று கிளம்பியதும் ஹைட்ராலிக் குழாய் வெடித்து எண்ணெய் போய்விட்டது. மாற்று வழியை அழுத்தினார்கள், அதுவும் வேலை செய்யவில்லை. பிறகு பிரித்துப் பார்த்தால் அந்தச் சுற்றில் ஒரு ஒயர் அறுந்திருக்கிறது. அதற்கு முன்னால் 2011 நவம்பர் 1 அன்று வார்சாவில் 231 பேரோடு ஒரு போயிங் 767 வயிற்றால் இறங்கியது. அங்கேயும் ஒரு குழாய் கசிவு. மாற்று வழிக்கு மின்சாரம் போகும் சர்க்யூட் பிரேக்கர் வெளியே தள்ளி, மின்சாரம் நின்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதை உள்ளே அழுத்தியிருந்தால் சக்கரம் இறங்கியிருக்கும். இரண்டிலும் எல்லோரும் பிழைத்தார்கள், விமானிகளை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் தினமும் பயன்படாத மாற்று வழியைத்தான் முதலில் சந்தேகப்பட்டுச் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சட்டனூகாவில் இன்னொன்றும் நடந்தது. சக்கரம் இல்லாவிட்டால் சக்கரத்தில் இருக்கும் பிரேக்கும் இல்லை. அந்த விமானம் ரன்வே முழுவதும் வழுக்கி, முடிவைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. உள்ளே இருந்த மூன்று பேரும் நல்லபடியாக வெளியே வந்தார்கள். அதனால்தான் நீளமான ரன்வேயாகத் தேடிப் போகிறார்கள்.

நுரை தெளிப்பது பற்றியும் பலர் கேட்கிறார்கள். ரன்வேயில் முன்கூட்டியே நுரை பரப்புவது பழைய பழக்கம். வார்சாவில்கூடச் செய்தார்கள். ஆனால் அமெரிக்க விமானத் துறை 1987-லேயே அந்தப் பரிந்துரையை விலக்கிக்கொண்டது. தீ பிடித்தால் அடிக்க வேண்டிய நுரையை முன்னாடியே தரையில் கொட்டிவிட்டால் பிறகு எதை வைத்து அணைப்பது?

அப்புறம், வானத்தில் சுற்றிச் சுற்றி வருவது. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியில் நாம் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்து பதறினோமே, ஷார்ஜா போக வேண்டிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்தது. அது போயிங் 737, வானத்திலேயே எரிபொருளை வெளியேற்றும் வசதி அதில் இல்லை. எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். எடை குறைந்தால் இறங்கும் வேகம் குறையும், தீ பிடித்தாலும் எரிய எரிபொருள் குறைவு. அந்த நேரத்தில் விமானிகள் கையேட்டை வரி வரியாகப் பார்ப்பார்கள், கீழே வண்டிகள் தயாராகும். அன்று சக்கரங்கள் சரியாக இறங்கி, விமானம் சாதாரணமாகவே தரையிறங்கியது.

சரக்கு விமானத்தில் பயணிகள் இல்லை என்பதால் கவலை குறைவு என்று நினைக்காதீர்கள். பேட்டரி, ரசாயனம் மாதிரி ஆபத்தான சரக்கு எது, எங்கே வைத்திருக்கிறது என்று கேப்டன் கையில் ஒரு பட்டியல் இருக்கும். தீயணைப்புக்காரர்களுக்கு அந்த விவரம் முன்கூட்டியே போயாக வேண்டும். உள்ளே இருக்கும் இரண்டு மூன்று பேரும் வேகமாக வெளியேற வேண்டும். 2016-ல் ஃபோர்ட் லாடர்டேலில் ஒரு சரக்கு விமானம் தரையிறங்கிய பிறகு அதன் இடது சக்கரக் கால் முறிந்து, இறக்கை தீப்பிடித்தது. இரண்டு விமானிகளும் காக்பிட் ஜன்னல் வழியாகத்தான் இறங்கித் தப்பினார்கள்.

இனி அப்துல்லாபுரம். அது சின்ன விமானங்களுக்கான ஓடுதளம், தம்பி. 767 மாதிரி விமானத்துக்கு நீளமும் போதாது, தரையின் தாங்கும் பலமும் போதாது. நம் தலைக்கு மேலே போகிற ஒரு பெரிய விமானத்துக்கு இப்படி ஆனால் பெங்களூரு அல்லது சென்னை பக்கம்தான் திரும்பும். சென்னையின் பெரிய ரன்வே 3,658 மீட்டர். பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம், அங்கே ரன்வே ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடிக் கிடந்தபோது பயணிகள் விமானங்கள் அங்கிருந்துதான் போய் வந்தன. அவசரம் என்றால் எங்கே இறக்குவது என்பது கேப்டன் முடிவு. ரன்வே நீளம், காற்று, தீயணைப்பு வசதி, கையில் இருக்கும் எரிபொருள் எல்லாம் பார்த்துத்தான் எடுப்பார்.