ஸ்பீக்கர் வயர்: சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால்

[காட்சி: ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், இருபுறமும் ஒரே மாதிரி இரண்டு ஸ்பீக்கர்கள். கச்சேரி ஒலிக்கிறது.]

இரண்டு ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பியில் கனமே இல்லை. பாடகரின் குரலும் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறிக் கேட்கிறது. ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகும் முன் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் வயர் மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம்.

[காட்சி: சிவப்பு, கறுப்பு டெர்மினல்கள் அருகில்.]

ஆம்ப்ளிஃபையரிலிருந்து வருவது திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம். அதனால் ஒற்றை ஸ்பீக்கரை மாற்றிப் பொருத்தினாலும் அது பாடும், எரிந்து போகாது. ஜோடியாக வைக்கும்போதுதான் வம்பு.

[காட்சி: மெதுவான அசைவில் இரண்டு கோன்கள், ஒன்று முன்னே, மற்றது பின்னே.]

ஸ்பீக்கரின் முகப்பில் அதிரும் கூம்புதான் கோன். ஒரு கோன் காற்றை முன்னே தள்ளும் அதே நொடியில் மற்றது பின்னே இழுக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைகள் நடுவில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 5,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான். தலையைச் சற்றே அசைத்தாலும் கணக்கு மாறிவிடும். ஆகவே கீச்சொலிகள் தப்பிவிடுகின்றன, பேஸ் எனும் கனத்த தாழ்ந்த ஒலி மட்டும் காணாமல் போகிறது.

இரண்டுமே மாறியிருந்தால்? அநேகமாக யார் காதுக்கும் தெரியாது. இதற்காக மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் உண்டு. நாம் அந்தப் பக்கம் போக வேண்டாம். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

[காட்சி: பல வகை வயர்கள்.]

சிவப்பு–கறுப்பு வயர் என்றால் சிக்கல் இல்லை: சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். கண்ணாடி போன்ற உறையுள்ள வயரில் ஒரு இழை செம்பு நிறம், மற்றது வெள்ளீயம் பூசிய வெள்ளி நிறமாக இருக்கும். இரண்டும் ஒரே நிறமென்றால் விரலால் தடவுங்கள்: ஒன்றின் மீது சிறு வரப்போ, கோடோ, அச்செழுத்தோ இருக்கும். அதைப் பாசிட்டிவ் என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். இரு முனையிலும் அதையே பாசிட்டிவாகக் கொண்டால் போதும்.

பொருத்தும்போது ஆம்ப்ளிஃபையர் அணைந்திருக்க வேண்டும். உறையை ஒரு சென்டிமீட்டர் சீவி, இழைகளை இறுக முறுக்குங்கள். ஒரே ஒரு மெல்லிழை பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும். பாதுகாப்புச் சுற்று இல்லாத ஆம்ப்ளிஃபையராக இருந்தால் செலவு உங்களுடையது.

[காட்சி: காரின் கதவு ஸ்பீக்கர்.]

இந்தக் குழப்பம் அதிகம் நடப்பது கார்களில். தனியாக வாங்கிப் பொருத்தும் ஸ்டீரியோக்களில் வழக்கமான நிறங்கள் இவை: முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஜோடியின் நெகட்டிவ். கார் நிறுவனம் பொருத்தித் தரும் வயர்களின் நிறங்கள் வேறு; அவற்றை இந்தக் கணக்கில் படிக்காதீர்கள். ஸ்பீக்கரின் இரண்டு தகடுகளில் அகலமானது பொதுவாகப் பாசிட்டிவ்.

[காட்சி: வூஃபரின் டெர்மினலில் பேட்டரி தொடுகிறது, கோன் முன்னே வருகிறது.]

குறியே அழிந்துபோன வூஃபருக்கு (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்) 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஆம்ப்ளிஃபையர் வயரைக் கழற்றிவிட்டு, ஒரு கணம் மட்டும் தொடுங்கள். கோன் வெளியே வந்தால், பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பாசிட்டிவ். தனி ட்வீட்டரில் (கீச்சொலிகளுக்கான சிறிய ஸ்பீக்கர்) இதைச் செய்ய வேண்டாம். அசைவு கண்ணுக்குத் தெரியாது, நேர் மின்னோட்டம் அதற்கு நல்லதும் அல்ல. பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்கள் பலவற்றில் வழக்கமே தலைகீழ்: சிவப்பில் பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளே போகும். அவற்றை வேறு நிறுவன ஸ்பீக்கரோடு ஜோடி சேர்த்தால் நிறத்தை நம்பாதீர்கள்.

[காட்சி: மோனோ பொத்தான்.]

இனி காதால் சோதிக்கலாம். மோனோவில், அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்படி, ஒரு பேச்சை ஓடவிட்டு நடுவில் உட்காருங்கள். குரல் இரண்டுக்கும் நடுவே ஒரே புள்ளியிலிருந்து வந்தால் சரி. சந்தேகமா? ஆம்ப்ளிஃபையரை அணைத்து ஒரு ஸ்பீக்கரை மட்டும் மாற்றிப் பொருத்திக் கேளுங்கள். பேஸ் கூடுதலாக ஒலிக்கும் இணைப்பே சரியானது.

[காட்சி: திறந்த பெட்டி, கிராஸ்ஓவர் பலகை.]

பெட்டியைத் திறந்தே தீருவேன் என்கிறவர்களுக்கு: உள்ளே ட்வீட்டரின் வயர் மட்டும் தலைகீழாக இருக்கலாம். தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் கீச்சொலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்றுதான் கிராஸ்ஓவர். சில வகைக் கிராஸ்ஓவர்கள் அவற்றுக்கிடையே 180 பாகை வேறுபாட்டை, அதாவது ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும் நிலையை, உண்டாக்கும். அதை ஈடுகட்ட வடிவமைத்தவரே வேண்டுமென்று செய்தது அது. அதைத் தொடாமல் திருகாணியைத் திரும்பப் பூட்டிவிடுங்கள்.