நோம்பி நோட்டீஸுக்கு ஆறு காலம் (நெடுக்குப் பத்தி) போடலாம், வாங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. சென்னிமலையில இருந்து பேசறேன். பின்னாடி கேக்கறது பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்.

இன்னைக்கு வந்திருக்கற வேலை மாரியம்மன் கோயில் நோம்பி நோட்டீஸ், ஏ4 தாள்ல. பூச்சாட்டு, கம்பம் நடுதல், பூவோடு, மாவிளக்கு, மஞ்சள் நீராட்டுன்னு நாள்வாரியா நிகழ்ச்சி. அதுக்குக் கீழ நன்கொடை குடுத்தவங்க பேரு.

எங்க அப்பிச்சி பெட்ஷீட்டுக்கு டிசைன் போடறப்ப கிராப் தாள்லதான் போடுவாரு. ஒரு கட்டம்னா ஒரு பாவு நூலும் ஒரு ஊடை நூலும் சந்திக்கற இடம். கட்டத்துல அடங்காத பூ தறியில வராதுங்க. எனக்கு கிரிட், அதாவது பக்கத்தைக் கட்டங்கட்டமாப் பிரிக்கற கோட்டு அமைப்பு, புரிஞ்சது அந்தத் தாள்லதான். அச்சுப் பக்கத்துக்கு இதை முறைப்படுத்திச் சொல்லிக்குடுத்தவங்கள்ல முக்கியமானவரு சுவிட்சர்லாந்துக்காரர் ஜோசப் முல்லர் புரோக்மன். 1950கள்ல ஜூரிச்ல கச்சேரி போஸ்டர் போட்டவரு, 1981ல கிரிட்டுக்குன்னே ஒரு புஸ்தகமும் கொண்டுவந்தாரு.

பக்கம் வடிவமைக்கற சாஃப்ட்வேர் இன்டிசைன்ல லேஅவுட் மெனு, கிரியேட் கைட்ஸ். தாளோட அகலம் 210 மில்லிமீட்டர். ரெண்டு பக்கமும் 15 விட்டா மிச்சம் 180. ஆறு காலம், நடுவுல 6 மில்லிமீட்டர் சந்து. ஒவ்வொரு காலமும் சரியா 25 வருது பாருங்க. ரெண்டைச் சேத்தா 56, நாலைச் சேத்தா 118. தேதியும் நேரமும் 56ல, நிகழ்ச்சி 118ல. பேரெல்லாம் 56, 56, 56ன்னு மூணு வரிசை. மேல இருக்கற தேதியோட ஓரமும் கீழ இருக்கற முதல் வரிசைப் பேரோட ஓரமும் ஒரே கோட்டுல நிக்குது. அச்சாகி வர்றப்ப அது கண்ணுக்கு எவ்வளவு இதமா இருக்குங்கறீங்க!

ஆனா நான் இன்னைக்கு முக்கியமாச் சொல்ல வந்தது குறுக்குக் கோடுங்க. நிறையப் பேரு காலத்தோட நிறுத்திக்கறாங்க. 12 பாயிண்ட் எழுத்துக்கு இன்டிசைன் தானா வைக்கற வரி இடைவெளி 14.4. இங்கிலீஷுக்கு அது போதும். நம்ம எழுத்துக்குப் பத்தாது. 'ரி'யோட சுழி மேல போகும், புள்ளி மேல நிக்கும், 'து' கீழ இறங்கும், 'ஸ்ரீ' ரெண்டு பக்கமும் போகும். மேல்வரி வாலும் கீழ்வரிப் புள்ளியும் முட்டினா வயசானவங்க எப்படிங்க படிப்பாங்க? அதனால நான் 18 வைக்கறேன். பிரிஃபரன்சஸ்ல கிரிட்ஸுக்குப் போய் பேஸ்லைன் கிரிட்டையும், அதாவது வரிங்க உக்கார்ற குறுக்குக் கோட்டோட இடைவெளியையும், 18 ஆக்கிருங்க. தலைப்புக்கு 36, அதாவது ரெண்டு வரி. அம்மன் படத்துக்குப் பன்னெண்டு வரி உயரம். எல்லாமே 18ஓட மடங்குதான்.

அப்பறம், 56 அகலத்துல ஜஸ்டிஃபை, அதாவது ரெண்டு ஓரமும் சமமா நிக்கற மாதிரி, போடாதீங்க. நம்ம சொல்லு நீளம், நடுவுல ஓட்டை ஓட்டையா விழும். இடது ஓரம் மட்டும் சேந்தாப் போதும்.

போன வருசம் அச்சு பிளேட்டுக்குப் போற அன்னைக்கு ராத்திரி கமிட்டிக்காரங்க இன்னும் பன்னெண்டு பேரு கொண்டாந்தாங்க. மூணு வரிசைக்கு நாலு நாலு. படத்துல நாலு வரி குறைச்சேன், பேரு உக்காந்துருச்சு. வேற எதையும் தொடலைங்க. சரி, இப்ப இந்த ஃபைலைத் திறக்கறேன், முதல்ல பூச்சாட்டுத் தேதியை வைக்கலாம்.