நசுக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்: தோட்டத்துக்கு நல்ல பூச்சிகளை வரவழைப்பது எப்படி?

[காட்சி: மாடித்தோட்டம், காலை 7 மணி. செம்பருத்திக் கிளை, மிக அருகில்]

வணக்கம். இந்தச் செம்பருத்தியைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. கணு முழுக்கப் பஞ்சு மாதிரி வெள்ளையா அப்பியிருக்கு. மாவுப்பூச்சி, நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இப்போ இந்தப் பக்கம் ஒண்ணு நகருது பாருங்க. அதே வெள்ளை. ஆனா மத்ததைவிடப் பெருசு, உடம்பெல்லாம் மெழுகு இழை நீளநீளமா தொங்குது, நடையும் வேகமா இருக்கு.

இது மாவுப்பூச்சி இல்லைங்க. மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டோட புழு. கிரிப்டோலேமஸ்னு பேரு. காபிச் செடியில வர்ற செதில் பூச்சியை ஒழிக்க 1898-லயே ஆஸ்திரேலியாவுல இருந்து இதை நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்தாங்க. தன்னோட இரை மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு, அது நடுவுலயே உக்காந்து தின்னும்.

தோட்டம் போட்ட முதல் வருஷம், பழைய டூத் பிரஷ்ஷால வெள்ளையா இருந்த எல்லாத்தையும் தேய்ச்சு நசுக்கினேன். அதுல இந்தப் புழுக்கள் எத்தனை போச்சோ, இன்னைக்கும் வருத்தமா இருக்கு. நல்ல பூச்சி வரணும்னா என்ன செடி வைக்கணும்னு நிறைய பேர் கேக்குறீங்க. அதுக்கு முன்னாடி, ஏற்கெனவே வந்திருக்கிறதை அடையாளம் தெரிஞ்சுக்கணும்.

[காட்சி: தட்டைப்பயறு கொடி. கருப்பு அசுவினி]

சிவப்புல கருப்புக் கோடு போட்ட பொறிவண்டை யாரும் கொல்ல மாட்டோம். அதோட புழு? கருப்பா, முதுகுல ஆரஞ்சுத் திட்டோட, குட்டி முதலை மாதிரி இருக்கும். இதைப் பார்த்துப் பயந்துதான் மருந்து அடிக்கிறாங்க. வண்டைப் போலவே இதுவும், செடியோட சாறை உறிஞ்சுற குட்டிப் பூச்சியான அசுவினியைத்தான் வாரித் தின்னும்.

இலைக்கு அடியில முடி மாதிரி மெல்லிசான காம்பு, அதோட நுனியில ஒரு வெள்ளைப் புள்ளி. பூஞ்சைன்னு துடைச்சிடாதீங்க. கண்ணாடி இறக்கைப் பூச்சியோட முட்டை அது. அதுல இருந்து வர்ற புழுவும் அசுவினியைத் தின்னும்.

இன்னும் கிட்ட வாங்க. இந்த ஒரு அசுவினி மட்டும் உப்பிப்போய், வைக்கோல் நிறத்துல, அசையாம இருக்கு. பின்னாடி வட்டமா ஒரு ஓட்டை. கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரு குட்டிக் குளவி இதுக்குள்ள முட்டை வச்சு, அந்தக் குஞ்சு உள்ளேயே தின்னு வளர்ந்து, வெளியே போன வழி அது. இந்த இலையைக் கிள்ளி எறிஞ்சா, இன்னும் வெளியே வராத குளவிகளும் சேர்ந்து போயிடும்.

இவ்வளவு சின்னப் பூச்சியால என்ன ஆகும்னு தோணலாம். 2008-ல கோயம்புத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சி முதல்முறையா தெரிஞ்சது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு பரவி விவசாயிங்களை அழ வச்சது. எத்தனை மருந்துக்கும் அடங்கலை. 2010-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைச்சு, பெருக்கி விட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் அடங்கினது.

[காட்சி: தொட்டி ஓரத்தில் தட்டைப்பயறு, பூத்த கொத்தமல்லி]

இனி வரவழைக்கிற விஷயம். எனக்குப் பிடிச்சது தட்டைப்பயறு. வயல்ல வரப்போரமா விதைப்பாங்கல்ல, அதேதான். ரெண்டு தொட்டி போதும். இதுல வர்ற கருப்பு அசுவினி பெரும்பாலும் பயறு வகையோடயே நின்னுடும். வெண்டை, கத்தரிக்கு வர்றது வேற வகை. அதனால இங்க அசுவினி வந்தா விட்டுடுங்க, பொறிவண்டுக்கு அதுதான் சாப்பாடு. இதோட பூக்காம்புலயும் தேன் கசியும், குளவிங்க அதைத் தேடி வரும். அவரைப் பந்தலை ஒட்டி மட்டும் வைக்காதீங்க, அதுவும் பயறு வகைதான்.

அடுத்து கொத்தமல்லி. கிள்ளினது போக ரெண்டு செடியைப் பூக்க விடுங்க. சோம்பு, சதகுப்பையும் அப்படித்தான். இந்தக் குடைப் பூவுல தேன் மேலாக இருக்கும். வாய் குட்டையான குளவிக்கும், தேனீ மாதிரியே இருக்கிற மலர் ஈக்கும் எட்டும். மலர் ஈ பூவுல குடிச்சிட்டு, அசுவினி இருக்கிற இலையாப் பார்த்து முட்டை வைக்கும், அதோட புழுவுக்கும் அசுவினிதான் சாப்பாடு.

எறும்பை மறந்துடாதீங்க. அசுவினி விடுற இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். தண்டுல எறும்பு வரிசை கட்டி ஏறுதுன்னா முதல்ல அதைத் தடுக்கணும்.

ஒரு தட்டுல கூழாங்கல் போட்டு, கல்லு முழுகாம தண்ணி வைங்க. கொசு வராம இருக்க ரெண்டு நாளைக்கு ஒருதரம் மாத்துங்க. வேப்பெண்ணெய் அடிச்சே ஆகணும்னா சாயங்காலம், பாதிச்ச கிளைக்கு மட்டும். நல்ல பூச்சியோட குஞ்சுகளையும் அது பாதிக்கும். பெரும்பாலும் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சாலே அசுவினி உதிர்ந்திடும். பொறிவண்டு எப்பவும் அசுவினிக்குப் பின்னாடி, சில நாள் கழிச்சுத்தான் வரும். அதுவரைக்கும் பொறுக்கணும்.

[காட்சி: சன்னல் விளிம்பில் மண்கூடு]

இந்த மண்கூட்டை இடிக்காதீங்க. "குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்"னு சொல்வாங்க. உள்ள நடக்கிறது வேற: இந்தக் குளவி கூட்டுக்குள்ள முட்டை வச்சு, நம்ம செடியைத் தின்ற புழுவைக் கொட்டி மயக்கி உள்ள திணிக்குது. வெளியே வர்றது அந்தப் புழுவைத் தின்னு வளர்ந்த குளவிக் குஞ்சு.

[காட்சி: கத்தரிப்பூ. ஒலி மட்டும்]

கடைசியா இந்தச் சத்தத்தைக் கேளுங்க. "கத்தரிப்பூ எல்லாம் கொட்டுது"ன்னு சொல்றவங்க முக்கியமா கேளுங்க. கத்தரியோட மகரந்தம் ஒரு குழாய்க்குள்ள அடைஞ்சு கிடக்கும், நுனியில சின்ன ஓட்டைதான். சாதாரணத் தேனீயால அதை எடுக்க முடியாது. மரத்துல துளை போடுற கருவண்டு இருக்கே, அது பூவைக் கட்டிப் பிடிச்சு உடம்பை அதிர வைக்கும், அந்தச் சத்தம்தான் இது. நீலப் பட்டை போட்ட சின்னத் தேனீயும் இப்படிச் செய்யும். அந்த அதிர்வுல மகரந்தம் உப்பு தூவுன மாதிரி அது வயித்துல கொட்டுது, மிச்சம் பூவோட நுனியிலயும் ஒட்டுது. இந்தப் பூவுல ஒரு நூல் கட்டியிருக்கேன். சில நாள்ல காம்பு தடிச்சு, பச்சைக் குல்லாவுக்கு அடியில பிஞ்சு எட்டிப் பாக்குதான்னு அடுத்த வீடியோவுல காட்டுறேன்.